கம்பெனி நேரம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். சூளகிரியில் லாரி கவிழ்ந்து நெரிசல். ஓசூரிலிருந்து வரும் கம்பெனி வேன் நகரவே இல்லை. குருபரப்பள்ளி வந்து சேர்ந்தபோது காலை டீ தீர்ந்துவிட்டது. வாரத்துக்கு நல்ல தொடக்கம்.

இன்று செய்தவை:
இரண்டாம் நோடில் மின்விசிறி கத்தல். துடைத்து எண்ணெய் விட்டேன்.
கேன்டீன் டோக்கன் சர்வீஸ் விழுந்தது, தானே எழுந்தது. காரணம் தெரியவில்லை.
ஏ.சி. ஒழுக்கு. அடியில் பக்கெட். மெயின்டனன்ஸில் சொன்னதற்கு, "பாக்கலாம் பெருசு." பெருசாம்.

எச்.ஆர். மேலாளர் தனசேகர் கூப்பிட்டனுப்பினார். சேலத்துக்காரர். குரலை உயர்த்தியே பேசமாட்டார். "ஐயா, பெங்களூர் ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் வர்றாங்க. ரெண்டு புது மெஷின் கொண்டாராங்க. உங்க கிளஸ்டர்ல சேக்கணுமாம். கொஞ்சம் ஒத்துழைங்க." இவர் ஒத்துழைப்பு கேட்டபோதெல்லாம் என்னிடமிருந்து ஏதோ ஒன்று போயிருக்கிறது. முதலில் நாற்காலி. பிறகு தனி அறை. இப்போது இது.

உங்க கிளஸ்டர் என்றாரே, அது உண்மைதான். ஸ்டோரில் தூசி தின்றுகொண்டிருந்த மூன்று கம்ப்யூட்டர்கள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பக்கங்களைப் படித்து, கட்டளை கட்டளையாகத் தட்டி, மூன்றையும் ஒன்றாகக் கட்டினேன்; தனித்தனியே நோடு, சேர்ந்தால் கிளஸ்டர். ஒன்று படுத்தால் அதன் வேலையை மற்ற இரண்டும் பிரித்து எடுத்துக்கொள்ளும். கேட்டில் கார்டு பஞ்ச், சங்கு, கேன்டீன் டோக்கன், எடைமேடை, நான்கு சர்வீஸும் இதில்தான் ஓடுகின்றன. எலக்ட்ரீஷியனாக வந்தவன். டிப்ளமோ இல்லை என்று கடைசிவரை ஆபீசர் கிரேடு தரவில்லை. ஓய்வு கொடுத்த மறுமாதமே கான்ட்ராக்டில் கூப்பிட்டார்கள். பாசத்தால் அல்ல. இதைத் தொட வேறு ஆள் இல்லை.

மாலை கேட்டில் ரேவதி. பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேப்பனப்பள்ளி பஸ்ஸுக்கு ஓட்டம். "அப்பா, போறன்." அவ்வளவுதான் பேச்சு. இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. மகள் என்று இங்கே ஒரு சலுகை கேட்டதில்லை. கேட்டாலும் தந்திருக்கமாட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

வெயிலும் இல்லை மழையும் இல்லை. முழங்கால் வலி.

வந்துவிட்டாள். நிவேதிதா. பெங்களூர்ப் பெண், கன்னடம் தாய்மொழி, தமிழ் பேசுகிறாள், வினைச்சொல் மட்டும் தடுக்கிவிழுகிறது. என் ரேவதிக்குத் தங்கை வயது இருக்கும். உள்ளே வந்ததும் பக்கெட்டைப் பார்த்தாள். தன் பையை அதிலிருந்து தள்ளி வைத்தாள். அதுவும் ஒரு சொல்தான்.

மதியச் சங்கு ஊதியதும் தன் செல்போனைப் பார்த்துவிட்டு விழித்தாள். கேட் செக்யூரிட்டி முனியப்பா சாவி கொடுக்க வந்திருந்தான். அவன் சிரித்தான். "அது ஊர் டைம் மேடம். இது கம்பெனி டைம். பத்து நிமிசம் முன்னாடி."

"யாகே? ஏன்?"

"பழைய மொதலாளி வச்சது. ஆளுங்க லேட்டா வராங்கன்னு கடியாரத்தத் தள்ளி வச்சிட்டாரு. அவரு போயிட்டாரு, கடியாரம் அப்படியே நின்னுபோச்சு. நிக்கல, ஓடுது."

இதில் சிரிக்க என்ன இருக்கிறது. இந்தப் பக்கம் பாதிக் கம்பெனிகளில் இப்படித்தான். டீ, சாப்பாடு, ஷிப்ட், எல்லாம் கம்பெனி நேரம். என் மூன்று நோடுகளும் கேட் கடிகாரத்திலிருந்துதான் நேரம் எடுத்துக்கொள்கின்றன. அப்படி அமைத்தவன் நானே. கிளஸ்டருக்குள் நேரம் ஒன்றாக இருக்கவேண்டும் என்று புத்தகத்தில் படித்தேன். ஒன்றாக இருக்கிறது.

பிற்பகல் முதல் புது நோடைச் சேர்த்தாள். ஏற்கவில்லை. உள்ளே வர என் நோடு எழுதிக் கொடுத்த சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்றது. இரண்டாம் முறையும் அதே. "உங்க மெஷின்ல கோளாறு" என்றேன். டீக்குப் போனோம். திரும்பி வந்தால் தானாகச் சேர்ந்திருந்தது. "பழசுங்க புது ஆள உடனே நம்பாது, மேடம்" என்றேன். "ஹௌதா சார்? அப்படியா?" என்று சிரித்தாள். ஆனால் ஒரு தாளில் எதையோ குறித்துக்கொண்டாள்.

ஜூன் 12, வியாழன்

காற்று. தகரக் கூரை படபடக்கிறது.

இரண்டாவது புது நோடும் சேர்ந்தது. அதுவும் அடம் பிடித்துத்தான். ஆக ஐந்து. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஐந்திலும் நகல் ஓடும்படி மாற்றினாள். கேட்டில் ஒருவர் கார்டு வைத்தால் ஐந்தில் எது சும்மா இருக்கிறதோ அது அந்தப் பஞ்சை வாங்கிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஒத்துக்கொள்கிறேன், இங்கே மட்டும்.

ஆனால் நிம்மதி இல்லை. கடவுச்சொல்லைத் தட்டினால் ஒரு முறை திறக்கிறது, மறு முறை ஆள் யார் என்று கேட்கிறது. மூன்றாம் முறை திறக்கிறது. இத்தனை வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை. மூன்று பேர் இருந்தவரை வீட்டில் சண்டை இல்லை. ஐந்தானதும் ஆரம்பம்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "சாப்புடும்போதாவது அத எறக்கி வைங்க" என்றாள்.

ஜூன் 13, வெள்ளி

கேட்டில் கூட்டம், சிரிப்பு. என்னைப் பார்த்ததும் இன்னும் பெரிய சிரிப்பு.

முனியப்பா: "அண்ணா, பேக்கிங் சாந்தி டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடியே குடிச்சிட்டுத் திரும்பி வந்துட்டாளாம். மெஷின்ல அப்படித்தான் காட்டுது. டீ எப்பிடிடீ இருந்துச்சுன்னா, இன்னும் குடிக்கலயேங்கறா."

சாந்தி: "எனக்கு அந்த டீ வேணும், முனியண்ணா. கணக்குல குடிச்சாச்சு, வயித்துல இல்ல."

இன்னொருத்தி: "காலையில ரெண்டு வாட்டி கார்டு வையி. ஒண்ணுல லேட்டு, ஒண்ணுல சீக்கிரம். புடிச்சத எடுத்துக்க."

நான் சிரிக்கவில்லை. என் பஞ்ச் சர்வீஸை யாரும் இதுவரை கேலி செய்ததில்லை. அதைத் திட்டியிருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள். ஒரு நிமிடத் தாமதத்தைத் திருத்திக் கொடு என்று போர்மேன் வந்து நின்றிருக்கிறார். யாருக்கும் ஒரு எண்ணை மாற்றிக் கொடுத்தவனல்ல நான். அதனால்தான் அதற்கு மதிப்பு. இன்று அது கேட்டில் கோமாளி.

ஜூன் 16, திங்கள்

மேகமூட்டம். கண்ணுக்குச் சொட்டு மருந்து தீர்ந்தது, வாங்கவேண்டும்.

நிவேதிதா கண்டுபிடித்துவிட்டாள். ஐந்து நோடுகளின் நேரத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். என் மூன்றும் கம்பெனி நேரம். அவளுடைய இரண்டும் ஊர் நேரம், இணையத்திலிருந்து. என் நோடு இப்போது எழுதிக் கொடுக்கும் சான்றிதழ் அவளுடையதற்கு இன்னும் பிறக்காத சான்றிதழ். அதனால் ஏற்கவில்லை. டீ குடித்து வருவதற்குள் பிறந்துவிட்டது, ஏற்றுக்கொண்டது. டீயும் சாந்தியும் அதே கதை: போகும்போது பஞ்சை வாங்கியது என் நோடு, திரும்பும்போது அவளுடையது.

பார்த்த உடனே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தேன்.

அவள் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். "சார், சிம்பிள். அஞ்சு நோடும் ஊர் டைம் போட்டுடலாம். சங்கு சர்வீஸ்லயும் கேட் சர்வீஸ்லயும் மட்டும் பத்து நிமிஷம் கூட்டிக்கோ அப்படின்னு ஒரு வரி. ஒரே வரி. வெளிய யாருக்கும் ஒண்ணும் மாறாது. ஹெட் ஆபீஸ் கேக்காது. நான் சொல்லமாட்டேன், நீங்க சொல்லமாட்டீங்க."

"ஒரே கட்டடத்துல ரெண்டு நேரமா?"

"இப்பவும் ரெண்டு தானே சார்?"

"இல்ல. இப்ப ஒண்ணு. கம்பெனி நேரம். நீங்க கொண்டுவந்ததுதான் ரெண்டாவது. உங்க மெஷின இந்த நேரத்துக்குத் திருப்புங்க. அமைப்புல பொய்ய எழுதி வச்சு ஓட்டறது என் வழக்கமில்ல."

"சார், கம்பெனி டைமே பொய்தானே?"

இந்த வார்த்தையை என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. எழுந்துவிட்டேன். திருட்டுத்தனமாக ஒரு வரி செருகி, இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு, அதன் மேல் என் கிளஸ்டர் நிற்பதா. முடியாது. நாளை தனசேகரிடம் நேராகவே கேட்கிறேன். புது நோடுகள் கம்பெனி நேரத்துக்கு வரட்டும் என்று மேலிடத்து உத்தரவோடு செய்வோம்.

ஜூன் 17, செவ்வாய்

போனேன். சொன்னேன். முழுவதும் சொன்னேன், ஒளிக்காமல்.

தனசேகர் பேனாவை மூடிவைத்தார். "பத்து நிமிஷமா? எல்லா மெஷின்லயுமா? இத்தன நாளாவா?" இவரும்தான் இத்தனை நாளாக அந்தச் சங்குக்குச் சாப்பிடப் போகிறார்.

என் எதிரிலேயே பெங்களூருக்குப் போன் போட்டார். ஆங்கிலம். சம்பளக் கணக்கு அங்கே ஓடுகிறது, கேமரா அங்கே, இங்கே கேட் நேரம் வேறு, தணிக்கையில் பிடித்தால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கம் கத்தல். எனக்குக் கேட்டது. பிறகு என்னைப் பார்த்து, "நல்லவேள சொன்னீங்க ஐயா. வர்ற திங்கக்கிழமையில இருந்து எல்லாம் சரியான டைம். சங்கு, கேட், எல்லாமே. ஞாயித்துக்கிழம நீங்களே மாத்திக் குடுத்துடுங்க."

நான் கேட்டது அது இல்லை என்றேன்.

"நீங்க கேட்டது ஒரே டைம் வேணும்னுதானே? ஒரே டைம்."

பிற்பகல் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். ஆட்களுக்குக் கொண்டாட்டம். காலையில் பத்து நிமிடம் கூடுதலாகத் தூங்கலாமாம். கேன்டீனில் ஒருவன் என் முதுகில் தட்டினான். "சூப்பர் பெருசு." கையை எடு என்றேன்.

ஜூன் 18, புதன்

நல்ல மழை. பக்கெட் இரண்டாயிற்று.

மதியம் ரேவதி வந்தாள். சர்வர் அறை வாசலுக்கு அவள் வருவது இதுவே முதல் முறை. தலையில் வலைத்தொப்பி, கையுறையைக் கழற்றாமல் நின்றாள்.

"போர்டுல பாத்தன். நெசமாப்பா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப எனக்கு பஸ் கெடைக்காது."

முதலில் எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். நாலரைச் சங்கு ஊதினால் ஊர் நேரம் நாலரையாக இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. ஓடினால் நாலரை மணி வேப்பனப்பள்ளி டவுன் பஸ் கிடைக்கும். இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஓடுகிறாள். அடுத்த பஸ் ஆறு மணிக்கு மேல்.

"ஆறு மணிக்கெல்லாம் சொசைட்டில பால் ஊத்தி முடிச்சிடுவாங்கப்பா. மாமியாருக்கு முட்டி போச்சு, குந்தி பால் கறக்க முடியாது. பொழுதோட வந்து நீ கறந்து ஊத்திடறதுன்னா வேலைக்குப் போ, இல்லன்னா வேணாம்னு மொதநாளே சொல்லித்தான வுட்டாங்க."

மாப்பிள்ளை?

"அவரு மாங்கூழு டேங்கர் எடுத்துக்குனு போனா எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது. சீசன் வேற."

காலை ஷிப்டுக்கு மாறு என்றேன். அந்நேரத்துக்கு ஊரிலிருந்து பஸ்ஸே கிடையாது என்றாள். அதை அவள் ஏற்கெனவே யோசித்திருக்கிறாள். எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

"நா ஒண்ணும் கேக்கலப்பா. தெரிஞ்சிக்கலாம்னு வந்தன்." கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மேசையில என்னத்தான் சீனியராப் போடறதா பேசிக்கறாங்க. அதான்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். என்னத்தைப் பார்ப்பேன்.

ஜூன் 19, வியாழன்

காலையில் நேராக நிவேதிதாவிடம். அந்த ஒரு வரியைப் போட்டுவிடலாம் என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் வாய் வராது.

அவள் மெயிலைத் திறந்து காட்டினாள். "திங்கக்கிழம சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேன் சார். இப்போ ஹெட் ஆபீஸ்ல எழுதி வெச்சிட்டாங்க. கேட் டைம டெய்லி அவங்களே செக் பண்ணுவாங்க. ஒரு நிமிஷம் வித்தியாசம் இருந்தாலும் எனக்கு மெயில் வரும்."

காரணம் கேட்டாள். மகள் என்று சொன்னேன். அவள் முகம் மாறியது. என் கண்ணெதிரே போன் போட்டாள். கன்னடத்தில் பேசினாள், பிறகு ஆங்கிலத்தில், பிறகு வெறும் "ஹூம், ஹூம்". வைத்துவிட்டுத் தலையை ஆட்டினாள். எனக்காக ஒருத்தி கெஞ்சினாள். அதையும் பார்க்க நேர்ந்தது.

தனசேகரிடம்: ரேவதியைப் பத்து நிமிடம் முன்னதாக விடமுடியுமா?

"ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு நாப்பது பேர் நிப்பாங்க ஐயா. நீங்களே இத்தன வருஷம் யாருக்கும் ஒரு நிமிஷம் விட்டதில்ல. நான் உங்களப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்." சிரித்தார். கேலியா பாராட்டா தெரியவில்லை. "பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல் இருக்கே, அங்க தங்கச் சொல்லுங்களேன்." மாட்டையும் கூட்டிக்கொண்டு தங்கட்டுமா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

மூன்று இடத்தில் தலையைக் குனிந்தாகிவிட்டது, ஒரே நாளில். மூன்றாவது முனியப்பா. பஸ் டிரைவரிடம் பேசிப் பார் என்று அவனைக் கேட்டேன். பேசிவிட்டு வந்தான். "அவனுக்கும் டைம் கீப்பர் ஒருத்தன் உன்ன மாதிரியே ஒக்காந்துக்குனு இருக்கான்ணா. நிறுத்தமாட்டான். போனீண்ணா, விடு."

ஜூன் 22, ஞாயிறு

தெளிந்த வானம். விடுமுறை. இயந்திரங்கள் ஓயும் நாள். முழுத் தொழிற்சாலையிலும் நானும் முனியப்பாவும் நாய்களும்.

நிவேதிதா தானே செய்வதாகச் சொன்னாள், வரவேண்டாம் என்றாள். வந்தேன். இதை வேறு கை தொடக்கூடாது.

செய்த முறை (பின்னால் யாராவது கேட்டால்):
ஒவ்வொரு நோடாக வேலை எடுப்பதை நிறுத்தச் சொன்னது.
ஓடிக்கொண்டிருந்த சர்வீஸ்களை இறக்கியது. கடைசியாகச் சங்கு.
கேட் கடிகாரத்தோடு தொடர்பை வெட்டியது. மூன்றையும் இணைய நேரத்துக்குத் திருப்பியது.
ஐந்தையும் அணைத்து, வரிசையாக எழுப்பியது.

முன்னால் போகும் நேரத்தைக் கிளஸ்டர் தாங்கும், பின்னால் போகும் நேரத்தைத் தாங்காது என்று படித்திருந்தேன். மூன்றாம் நோடு எழ மறுத்தது. அரை மணிநேரம் போராட்டம். உள்ளூர ஒரு ஆசை: எழாமலே போகட்டும், கிளஸ்டர் மொத்தமும் சிதறட்டும், பழைய நேரத்துக்கே திரும்பவேண்டி வரட்டும். கை மட்டும் சரியான கட்டளைகளைத் தட்டிக்கொண்டே இருந்தது. எழுந்துவிட்டது.

கேட் சுவரில் ஏணி போட்டு முனியப்பா பெரிய கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் திருப்பினான். "கடந்துபோன பத்து நிமிசம் திரும்பி வருதுண்ணா. என்னா பண்ணலாம்?" என்றான். பீடி பற்றவைத்தான். நான் ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

தூறல்.

நேற்றும் இன்றும் ரேவதியின் சூப்பர்வைசர், நல்லவர், அவளைச் சங்குக்கு முன்பே கண்ணைக் காட்டி அனுப்பிவிட்டார். பஸ் கிடைத்தது. ஆனால் கேட்டில் கார்டு வைத்துத்தானே போகவேண்டும். பஞ்ச் சர்வீஸ் முன்னதாக வெளியேற்றம் என்று சிவப்பு போட்டுவிட்டது. அந்தச் சிவப்பு விதியை எழுதியவன் நான். சிவப்பு சேர்ந்தால் அரை நாள் விடுப்பு. அதற்கு மேல் விளக்கம் கேட்கும் ஓலை. சூப்பர்வைசருக்கும் சேர்த்து.

முனியப்பா சுற்றிவளைக்காமல் சொன்னான். "சாவி உங்கிட்டதானண்ணா இருக்கு. உள்ள போயி நாலு இருவத நாலு முப்பது ஆக்கிட்டு வா. யாரு பாக்கறா?"

"நான் பாக்கறேன்."

"நீ கண்ண மூடிக்கோ."

வீட்டில் இவளுக்கும் ரேவதி போனில் சொல்லியிருக்கிறாள். மாவு அரைத்த கையோடு வந்து நின்றாள். "ஒரு எண்ண மாத்துனா என்ன, வானமா இடிஞ்சு விழுந்துடும்? ஊருக்கெல்லாம் நேர்மையா இருந்தீங்க, ஆபீசர் ஆக்குனாங்களா? பெத்த புள்ளைக்கு ஒரு எண்ணு."

சாந்திக்குச் செய்யாததை ரேவதிக்குச் செய்தால் நான் யார். இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் பதில் வைத்திருப்பாள், அது சரியாகவும் இருக்கும்.

ஜூன் 25, புதன்

மதியம் பதிவைத் திறந்தேன். அவள் வரி. சிவப்பு. எண்ணின் மேல் கர்சரை வைத்தேன். கண்ணிமைத்துக்கொண்டே இருந்தது. நிவேதிதா உள்ளே வந்தாள், திரையைப் பார்த்தாள், செல்போனை மறந்துவிட்டேன் என்று சொல்லி வெளியே போனாள். போன் அவள் கையில்தான் இருந்தது. எனக்கு நேரம் கொடுத்தாள்.

மூடிவிட்டேன்.

திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தவள், "நீங்க போட்டிருந்தா நான் லாக்ல பாத்திருக்கமாட்டேன் சார்" என்றாள். தெரியும் என்றேன்.

சொட்டு மருந்து வாங்கினேன். பழைய கடை மூடிவிட்டார்கள். பாகலூர் ரோடு வரை நடை.

ஜூன் 27, வெள்ளி

வெயில், நாலைந்து நாளுக்குப் பிறகு.

ரேவதி நேற்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாளாம். என்னிடம் சொல்லவில்லை, தனசேகர்தான் சொன்னார். "ரொம்ப வருத்தம் ஐயா. நல்ல பொண்ணு. சீனியர் லிஸ்ட்ல இருந்துச்சு." அந்தப் பட்டியலில் இப்போது சாந்தி பெயராம். நல்லது. சாந்தியும் நன்றாகச் செய்வாள்.

சூப்பர்வைசருக்கு ஓலை வந்ததால்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். தனக்கு வந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருப்பாள்.

இன்று கடைசி நாள். சங்கு வரை இருந்தாள், ஒழுங்காகப் பஞ்ச் செய்தாள், பச்சை. பஸ் போயிருந்தது. ஆறு மணி பஸ்ஸுக்கு நிழற்குடையில் உட்கார்ந்தாள். நானும் வேனை விட்டுவிட்டு அவள் பக்கத்தில். லாரி லாரியாகப் பெங்களூரா ரக மாங்காய் போகிறது கூழ் ஆலைக்கு. இன்று பால்?

"பக்கத்து ஊட்டு அக்கா கறந்து ஊத்திடுவாங்க. ஒருநாளுதான். தெனிக்கும் செய்வாங்களா."

பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அந்த மேடம் மொதல்லயே ஒரு வழி சொன்னாங்களாமே. எங்களுக்கு ஒண்ணும் மாறாம. நீங்கதான் வேணாம்னு போயி எச்.ஆர்ல சொன்னீங்களாம்."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"அவங்களேதான். கேன்டீன்ல வந்து ஒக்காந்து அழுதாங்க. நான்தான் தண்ணி குடுத்தன்."

"ஆமா."

"ஏம்ப்பா?"

பொய்யை எழுதி வைத்து ஓட்டமாட்டேன் என்பது பதில். சரியான பதில். இன்றும் அதுதான். ஆனால் "அப்ப உன் பஸ்ஸு எனக்குத் தெரியாது" என்றேன்.

"ரெண்டு வருசமா ஓடறன். கேட்டுலதான நிக்கறீங்க."

பஸ் வந்தது. ஏறினாள். கூட்டத்தில் உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை ஆட்டவில்லை, கோபமும் தெரியவில்லை. கோபம் இருந்திருக்கலாம்.

எனக்கு ஓசூர் போக வேறு பஸ் கிடைக்க எட்டாகிவிட்டது. வீட்டில் சோறு மூடி இருந்தது.

ஜூன் 30, திங்கள்

மேகமூட்டம். ஏ.சி. சரிசெய்துவிட்டார்கள், பக்கெட்டை எடுத்தாகிவிட்டது.

நிவேதிதா இன்று பெங்களூர் திரும்புகிறாள். வேலை முடிந்ததாம். விடைபெற வந்தவள், "கிளஸ்டர் ரொம்ப நல்லா கட்டியிருக்கீங்க சார்" என்றாள். நன்றி என்றேன். காலில் விழ வந்தாள், தடுத்துவிட்டேன்.

தனசேகர் மாதக் கடைசிப் பட்டியல் அனுப்பினார். வேலையை விட்டவர்கள். இரண்டாவது பெயர் ரேவதி. கேட்டிலிருந்தும் கேன்டீனிலிருந்தும் நீக்குவது என் வேலை.

முனியப்பா வாசலில் நின்றான். "விடுண்ணா. அந்த மேடம் இன்னும் கெளம்பல. அவுங்கள பண்ணச் சொல்லு."

வேண்டாம் என்றேன்.

நீக்கினேன். ஒரு நோடில் நீக்கினால் மற்றவற்றிலும் தானாகப் போய்விடும். இருந்தாலும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முதல் நோடு, இல்லை. இரண்டு, இல்லை. மூன்று, இல்லை. புது இரண்டிலும் இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் ஐந்திலும் பெயர் போய்விட்டது. ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது.